ட்ரோன் திரையில் தெரியும் உயரத்தை எவ்வளவு நம்பலாம்? கடலூர் கரையிலிருந்து புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

தேவனாம்பட்டினம் வெள்ளிக் கடற்கரை. ட்ரோன் மணலில் இறங்கி றெக்கையும் நின்றுவிட்டது. ரிமோட் திரையில் மட்டும் உயரம் -6.2 மீட்டர் என்று இருந்தது. பக்கத்தில் வலை பிரித்துக்கொண்டிருந்த மீனவ அண்ணன் ஒருவர் எட்டிப் பார்த்தார்.

"எவ்ளோ ஒசரம் போச்சு தம்பி?"

"நாப்பது மீட்டர்ணே."

"தரையில கெடக்குது, இப்ப எவ்ளோ காட்டுது?"

"மைனஸ் ஆறு."

"அப்ப அந்த நாப்பதும் நெசம் இல்லல்ல?"

பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. ட்ரோன் வாங்கி மூன்றாவது வாரம் அது. அவர் கேட்டது மிகச் சரியான கேள்வி. பூஜ்யமே ஆறு மீட்டர் நகர்ந்திருக்கிறது என்றால் நாற்பது எப்படி நாற்பதாக இருக்கும்? அந்தக் கேள்விக்கு விடை தேடியபோது கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். கடலூரிலும் புதுச்சேரியிலும் புதிதாக ட்ரோன் வாங்கியிருப்பவர்கள் முதல் மாதத்திலேயே இதைச் செய்து பார்த்துவிட்டால் நல்லது. உயரக் கணக்கு தப்பினால் போவது வெறும் எண் இல்லை. தென்னை மட்டையில் சிக்கி ட்ரோன் போகும், இல்லாவிட்டால் யார் தலையிலாவது விழும்.

முதலில், அந்த எண் எங்கிருந்து வருகிறது

படம் எடுக்கும் ட்ரோன்களில் உயரம் அளக்கும் முக்கியக் கருவி பாரோமீட்டர். உளுந்து அளவுகூட இருக்காது. காற்றழுத்தத்தை அளக்கும் சின்ன சில்லு. மேலே போகப் போக அழுத்தம் குறையும். அழுத்தத்தின் அலகு பாஸ்கல், நூறு பாஸ்கல் ஒரு ஹெக்டோபாஸ்கல். நம் கடற்கரை மட்டத்தில் ஒரு ஹெக்டோபாஸ்கல் குறைந்தால் ஏறத்தாழ எட்டரை முதல் ஒன்பது மீட்டர் ஏறியிருக்கிறோம் என்று பொருள். அதாவது ஒரு மீட்டர் உயரத்துக்கு அழுத்தத்தில் வரும் மாற்றம் 11, 12 பாஸ்கல்தான். கடல் மட்டத்தில் மொத்த அழுத்தம் சுமார் 1,00,000 பாஸ்கல். அதில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு மாற்றத்தை இந்தச் சில்லு உணர வேண்டியிருக்கிறது. அதனால்தான் வெயில், காற்று, சூடு என்று எது பட்டாலும் அதன் கணக்கு கொஞ்சம் ஆடுகிறது.

கிளம்பும்போது, அந்த இடத்தில் இருக்கும் அழுத்தத்தைப் பூஜ்யம் என்று ட்ரோன் எடுத்துக்கொள்கிறது. திரையில் எச் என்ற எழுத்துக்குப் பக்கத்தில் வரும் உயரம் முழுக்க அந்தப் பூஜ்யத்திலிருந்துதான். ட்ரோனுக்கு நேர்கீழே தரை எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதோ கடல் மட்டத்திலிருந்து எவ்வளவு உயரம் என்பதோ அந்த எண்ணில் இல்லை. புதியவர்கள் குழம்புவது பெரும்பாலும் இங்கேதான்.

கடலூருக்கு மேற்கே, கெடிலம் ஆற்றுப் படுகையில் நின்று ட்ரோனைக் கிளப்புகிறீர்கள் என்று வையுங்கள். 20 மீட்டர் ஏற்றிவிட்டு, செம்மண் மேட்டில் இருக்கும் முந்திரித் தோப்புப் பக்கம் ஓட்டுகிறீர்கள். மேடு ஏற ஏறத் தரை மேலே வரும். திரை மட்டும் 20 என்றே சொல்லும். அங்கே முந்திரிக் கிளைக்கும் ட்ரோனுக்கும் நடுவே கையளவு இடம்தான் இருக்கும். இதில் கருவியின் பிழை எதுவும் கிடையாது. அது சொன்னது சரி, நாம் புரிந்துகொண்டதுதான் தவறு. அதேபோல மொட்டை மாடியிலிருந்து கிளப்பித் தெருவுக்கு இறக்கினால் -12 என்று வரும். அதுவும் சரிதான்.

படி 1: எந்த வகைப் பிழை என்று பிரித்துப் பாருங்கள்

"உயரம் தப்பா காட்டுது" என்று பொதுவாகச் சொன்னால் யாராலும் உதவ முடியாது. மூன்று கேள்விகள் கேட்டுக்கொள்ளுங்கள்.

கிளம்பிய அதே இடத்தில் இறங்கியபோது எண் பூஜ்யத்துக்கு அருகே வந்ததா? வரவில்லை என்றால் பாரோமீட்டர் நகர்ந்திருக்கிறது. ரிமோட்டின் குச்சிகளைத் தொடாமல் விட்டபோது எண் மாறாமலே ட்ரோன் மட்டும் கண்ணுக்குத் தெரிந்து இறங்கியதா, ஏறியதா? காற்று, அழுத்த மாற்றம், ஐஎம்யூ (ட்ரோனின் அசைவையும் சாய்வையும் உணரும் சென்சார்) ஆகியவற்றில் ஒன்று காரணமாக இருக்கும். பறக்கும்போது எல்லாம் சரியாக இருந்து, எடுத்த படத்தின் தகவலில் மட்டும் உயரம் விசித்திரமாக இருக்கிறதா? அது தனிக் கதை, ஐந்தாம் படியில் வரும்.

ஒரு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறையும் தேதி, நேரம், இடம், இறங்கியபின் திரை காட்டிய எண், இவ்வளவும் எழுதினால் போதும். பத்து முறை எழுதியதும் உங்கள் ட்ரோனின் குணம் தெரிந்துவிடும். என் அனுபவத்தில், இருபது நிமிடம் பறந்து இறங்கும்போது ஒன்று இரண்டு மீட்டர் வித்தியாசம் வழக்கமானது. அதற்காக யாரும் கவலைப்பட வேண்டியதில்லை.

படி 2: கிளப்புவதற்கு முன் கால் மணி நேரம்

அன்று எனக்கு மைனஸ் ஆறு வந்ததற்குக் காரணம் சாதாரணமானது. ஏசி ஓடிய காரிலிருந்து ட்ரோனை எடுத்தேன். சித்திரை வெயிலில் கொதிக்கிற மணலில் வைத்தேன். உடனே கிளப்பிவிட்டேன். சில்லு குளிர்ந்திருந்தபோது பூஜ்யம் பதிவாகிவிட்டது. பறந்துகொண்டிருக்கும்போதே மோட்டார், பேட்டரி, வெயில் எல்லாம் சேர்ந்து அதைச் சூடாக்கின. சூட்டோடு அளவும் மெல்ல நகர்ந்தது.

இப்போது நான் செய்வது இதுதான். கரைக்கு வந்ததும் பையைத் திறந்து, ட்ரோனை நிழலில் பத்து நிமிடம் வைத்துவிடுவேன். ஏசியிலிருந்து நேரே நம் ஊர்க் கடற்காற்றுக்கு வந்தால் லென்ஸிலும் ஈரம் படியும், அதுவும் காய்ந்துவிடும். பிறகு ஒரு பழைய ப்ளைவுட் பலகையை மணலில் சமமாகப் போட்டு, அதன்மேல் ட்ரோனை வைத்து ஆன் செய்வேன். மணல்மேல் நேராக வைத்தால் றெக்கைக் காற்றில் மணல் பறந்து கேமராவை ஆடாமல் தாங்கும் கிம்பலுக்குள் போகும், சென்சார் துளையையும் அடைக்கும். ஆன் செய்தபின் இரண்டு மூன்று நிமிடம் ஆடாமல் அசையாமல் விட்டுவிடுவேன். ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் சேர்ந்து, ஹோம் பாயிண்ட் (ட்ரோன் தானாகத் திரும்பி வர வேண்டிய இடம்) பதிவாகிவிட்டது என்று ரிமோட் சொல்லும்வரை குச்சியைத் தொடுவதில்லை.

கிளம்பியதும் நேரே மேலே இழுக்காதீர்கள். தரையை ஒட்டியிருக்கும்போது றெக்கை தள்ளும் காற்று தரையில் பட்டுத் திரும்பி, ட்ரோனுக்கு அடியில் அழுத்தத்தைக் கூட்டும். அந்த நேரத்து அளவு நம்பத் தகுந்தது இல்லை. இடுப்பு உயரத்துக்கு மேல், ஒன்றரை மீட்டரில் அரை நிமிடம் நிறுத்திப் பாருங்கள். திரை ஒன்றரைக்கு அருகே சொல்கிறதா? நின்ற இடத்தில் நிற்கிறதா? அப்படியானால் மேலே போகலாம். மூன்று நான்கு என்று சொன்னால் இறக்கி, அணைத்து, மறுபடி ஆன் செய்யுங்கள். பல நேரம் இவ்வளவிலேயே சரியாகிவிடும்.

உப்புக் காற்றைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கரையில் பறந்த நாளில் வீட்டுக்கு வந்ததும் லேசாக ஈரமான மென்துணியால் உடம்பைத் துடைத்து, காய்ந்த துணியால் மறுபடி துடையுங்கள். காற்றோட்டத் துளைகளில் ஊசி விடாதீர்கள், பஞ்சர் கடை கம்ப்ரசரால் ஊதாதீர்கள். அந்த அழுத்தம் பாரோமீட்டரையே கெடுத்துவிடும். துளைகளை மறைத்து ஸ்டிக்கர் ஒட்டுவதும் வேண்டாம்.

படி 3: நாள் முழுக்க அழுத்தம் மாறுவதைத் தெரிந்துகொள்ளுங்கள்

நம் பகுதியில் காற்றழுத்தம் ஒரு நாளைக்கு இரண்டு முறை ஏறி, இரண்டு முறை இறங்கும். கடல் அலை ஏறி இறங்குவதுபோலத்தான். காலை 10 மணி வாக்கில் உச்சம், மாலை 4 மணி வாக்கில் தாழ்வு. இரவு 10 வாக்கில் மறுபடி உச்சம், அதிகாலை 4 வாக்கில் மறுபடி தாழ்வு. பகல் 10 மணிக்கும் 4 மணிக்கும் இடையே 3, 4 ஹெக்டோபாஸ்கல் வரை இறங்கும். உயரக் கணக்கில் சொன்னால் 30 மீட்டருக்குப் பக்கம்!

பயப்பட வேண்டாம், அது ஆறு மணி நேரத்தில் நடப்பது. ஒரு பேட்டரி தாங்கும் இருபது நிமிடத்தில் ஒன்றரை, இரண்டு மீட்டர்தான் வரும். ஆனால் அது எந்தப் பக்கம் என்பது தெரிந்திருக்க வேண்டும். மதியம் அழுத்தம் இறங்கும்போது ட்ரோன் தான் மேலே போய்விட்டதாக நினைத்து, எண்ணைக் காப்பாற்ற மெல்லக் கீழே வரும். அதனால் பகல் 11 மணிக்கும் 3 மணிக்கும் இடையே தாழ்வாக, ஒரே உயரத்தில் நீண்ட நேரம் நிறுத்தி வீடியோ எடுக்கும்போது அடிக்கடி கண்ணால் பார்த்துக்கொள்ளுங்கள். பேட்டரி மாற்றும்போது ட்ரோனை அணைத்து ஆன் செய்வதால் பூஜ்யம் புதிதாகப் பதிவாகும். ஒவ்வொரு பேட்டரிக்கும் கிளம்பும் பலகையிலேயே அதைச் செய்யுங்கள், வேறு மேட்டில் வைத்துச் செய்யாதீர்கள்.

கோடையில் சாயங்காலம் மேற்கே இடி மேகம் கூடி, திடீரென்று குளிர்ந்த காற்று வீசினால் அழுத்தம் சில நிமிடங்களிலேயே எகிறும். அப்போது உயர எண்ணைப் பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே இறக்குங்கள். துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றியிருக்கும் நாளில் பையைத் திறக்கவே வேண்டாம். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரையேறியதைப் பார்த்த ஊர் இது. இதற்குமேல் விளக்கம் தேவைப்படாது.

வேகமும் ஒரு காரணம். நொடிக்கு 15 மீட்டர் வேகத்தில் ஓடும் ட்ரோன்மேல் எதிர்க்காற்றின் அழுத்தம் சுமார் 130 பாஸ்கல் வரும். அதில் பத்தில் ஒரு பங்கு சில்லு இருக்கும் அறைக்குள் தெரிந்தாலும் ஒரு மீட்டர் கணக்கு தப்பும். ஸ்போர்ட் மோடில் ஓட்டி, திடீரென்று பிரேக் பிடித்தால் ட்ரோன் குபுக்கென்று ஏறுவதும் இறங்குவதும் இதனாலும்தான். தரையை ஒட்டி வேகமாக ஓட்டும் ஆசை முதல் மாதத்தில் வேண்டாம்.

படி 4: தெரிந்த உயரத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்

இதுதான் மீனவ அண்ணனின் கேள்விக்கு நான் கண்டுபிடித்த விடை. பூஜ்யம் சரியா என்பதை இறங்கியபின் பார்க்கலாம். நாற்பது சரியா என்பதை எப்படிப் பார்ப்பது? உயரம் தெரிந்த ஒரு பொருள் வேண்டும்.

நண்பன் வீடு கடலுக்கு அருகே நாலு மாடிக் குடியிருப்பு. மொட்டை மாடிக் கைப்பிடிச்சுவரின் மேல்விளிம்பிலிருந்து தூண்டில் நரம்பில் ஈயக்குண்டு கட்டிக் கீழே இறக்கினோம். குண்டு தரையைத் தொட்டதும், விளிம்பு இருந்த இடத்தில் நரம்பில் ஒரு முடிச்சு. மேலே இழுத்து, தெருவில் நீட்டிப் போட்டு டேப் பிடித்து அளந்தோம்: 15.2 மீட்டர். இரண்டு பேர், பத்து நிமிட வேலை.

பிறகு அந்த விளிம்பின் மட்டத்துக்கு ட்ரோனைக் கொண்டுபோக வேண்டும். கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் மட்டம் கண்ணுக்குப் பிடிபடாது. இங்கேதான் நம் ஊர்க் கடல் கைகொடுக்கிறது. கட்டடத்துக்கு மேற்கே, சுவரிலிருந்து நன்றாகத் தள்ளி, கூட்டம் இல்லாத திடலில் ட்ரோனை ஏற்றி, கேமராவைக் கிழக்கே கடலைப் பார்த்துத் திருப்புங்கள். திரையில் தொடுவானக் கோடு தெரியும். அந்தக் கோடு எப்போதும் கேமராவின் உயரத்தில்தான் ஓடும். கட்டடத்தின் கைப்பிடிச்சுவர் தொடுவானத்துக்கு மேலே துருத்திக்கொண்டிருந்தால் ட்ரோன் அதைவிடத் தாழ்வாக இருக்கிறது. சுவர் விளிம்பு தொடுவானத்துக்குக் கீழே போய்விட்டால் ட்ரோன் மேலே வந்துவிட்டது. விளிம்பும் தொடுவானமும் ஒன்றாக ஒட்டிக்கொள்ளும் அந்த நொடியில் கேமராவும் விளிம்பும் ஒரே மட்டம். பூமியின் வளைவால் வரும் வித்தியாசம் இந்தத் தூரத்தில் சில சென்டிமீட்டர்தான்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள்: ட்ரோன் கிளம்பும் தரையும் கட்டடத்தடித் தரையும் ஒரே மட்டமாக இருக்க வேண்டும். கடற்கரை ஊர்களில் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். சந்தேகமாக இருந்தால் கொத்தனார்கள் பயன்படுத்தும் ரசமட்டக் குழாயை இரவல் வாங்கிப் பாருங்கள்.

மூன்று முறை ஏற்றினோம். 14.1, 14.4, 14.0 என்று திரை சொன்னது. உண்மை உயரம் 15.2. மூன்று முறையும் சுமார் ஒரு மீட்டர் குறைவு, ஏழு சதவீதம். முதலில் கருவி கெட்டுவிட்டது என்று நினைத்தேன். பிறகுதான் காரணம் புரிந்தது. அழுத்தத்தை உயரமாக மாற்றும் அடிப்படைக் கணக்கு, கடல் மட்டத்தில் 15 டிகிரி வெப்பம் இருக்கும் என்று வைத்துக்கொண்டு போட்டது. அன்று எங்கள் ஊரில் 36 டிகிரி. சூடான காற்று விரிந்திருக்கும்; அதே அழுத்த வித்தியாசத்துக்கு அதிக உயரம் ஏற வேண்டும். பத்து டிகிரிக்குச் சுமார் மூன்றரை சதவீதம் என்று வைத்துப் போட்டுப் பாருங்கள், ஏழு சதவீதம் வந்துவிடும். வெப்பத்தைக் கணக்கில் எடுக்காத ட்ரோன் நம் வெயிலில் எப்போதும் குறைவாகவே சொல்லும். திரை 100 என்றால் உண்மையில் 107 இருக்கலாம்.

இதை எல்லா ட்ரோனுக்கும் அப்படியே பொருத்தாதீர்கள். மாடலுக்கு மாடல் கணக்கு மாறும். அதனால்தான் உங்கள் ட்ரோனை நீங்களே அளக்க வேண்டும் என்கிறேன். பத்து மீட்டருக்குக் கீழே அளந்தால், தரையின் தூரத்தை அளக்கும் அடிப்பக்கச் சென்சாரும் கணக்கில் கலந்துகொள்ளும், அதனால் கூடுமானவரை உயரமான கட்டடமாகப் பாருங்கள். மாடியில் குழந்தைகள் நிற்கக் கூடாது. கட்டடக்காரர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

தொடுவான முறை அளப்பதற்கு மட்டும் இல்லை. பறக்கும்போது முன்னால் ஒரு தென்னந்தோப்பு வருகிறது என்றால் திரையில் பாருங்கள். மட்டை நுனி தொடுவானத்துக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்தால் அந்த மரம் உங்களைவிட உயரம். எண் என்ன சொன்னாலும் முன்னே போகாதீர்கள்.

கையேட்டில் "செங்குத்து ±0.1 மீட்டர், ஜிபிஎஸ்ஸில் ±0.5 மீட்டர்" என்று போட்டிருக்கிறதே, ஒரு மீட்டர் எப்படித் தப்பும் என்று பலர் கேட்கிறார்கள். அது ஓரிடத்தில் நிறுத்தினால் எவ்வளவு ஆடும் என்பதன் அளவு. சொல்லும் உயரம் எவ்வளவு உண்மை என்பதற்கு அதில் எந்த உறுதியும் கிடையாது.

படி 5: படத்தில் பதிவாகும் உயரம்

எடுத்த படத்தின் தகவலைத் திறந்தால் பல ட்ரோன்களில் இரண்டு உயரம் இருக்கும்: கிளம்பிய இடத்திலிருந்து ஒன்று, கடல் மட்டத்திலிருந்து என்று சொல்லிக்கொள்ளும் இன்னொன்று. இரண்டாவதைப் பார்த்துத் திடுக்கிடாதவர்கள் குறைவு. புதுச்சேரி கடற்கரைச் சாலையில் காந்தி சிலைக்கு முன் நின்றுகொண்டு, கடலுக்குக் கீழே 90 மீட்டர் என்று ஒரு ஜிபிஎஸ் கருவி சொல்ல முடியும். அது பழுதும் இல்லை.

செயற்கைக்கோள், உயரத்தைக் கடலிலிருந்து அளப்பதில்லை. பூமி முழுவதற்கும் வரைந்த, சற்றுத் தட்டையான ஒரு கணித உருண்டையிலிருந்து அளக்கிறது. நிஜக் கடல் மட்டம் அந்த உருண்டையோடு ஒட்டியிருக்காது. பூமியின் ஈர்ப்பு எல்லா இடத்திலும் ஒரேபோல் இல்லாததால் கடல் சில இடங்களில் மேடாகவும் சில இடங்களில் பள்ளமாகவும் இருக்கிறது. உலகிலேயே ஆழமான அத்தகைய பள்ளம் நமக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில், சுமார் 106 மீட்டர் ஆழத்தில் இருக்கிறது. அதன் சரிவில்தான் நாம் குடியிருக்கிறோம். கடலூர், புதுச்சேரி கரையில் கடல் மட்டம் அந்தக் கணித உருண்டைக்குச் சுமார் 90 மீட்டர் கீழே. இதைத் திருத்திக் காட்டும் கருவிகளும் உண்டு, திருத்தாமல் அப்படியே காட்டுபவையும் உண்டு. உங்கள் படத்தில் 80, 90 மீட்டர் ஒரேயடியாகக் குறைந்து வந்தால் முதலில் இதை நினையுங்கள்.

இன்னொரு பக்கத்திலிருந்தும் பிழை வரும். பாரோமீட்டரை வைத்தே கடல் மட்ட உயரத்தைச் சொல்லும் ட்ரோன்கள், கடல் மட்டத்தில் அழுத்தம் 1013.25 ஹெக்டோபாஸ்கல் என்று வைத்துக்கொள்கின்றன. தை மாதத்தில் நம் கரையில் அழுத்தம் அதற்குப் பக்கத்தில் இருக்கும், கணக்கும் ஓரளவு சரியாக வரும். ஆனி மாதத்தில் 1004 வாக்கில் இறங்கிவிடும். ஒன்பது ஹெக்டோபாஸ்கல் வித்தியாசம் என்றால் மணலில் வைத்த ட்ரோனே கடலுக்கு 75 மீட்டர் மேலே இருப்பதாகச் சொல்லும். கல்யாண வீடியோ எடுப்பவர்களுக்கு இது ஒரு பொருட்டில்லை. வயலை, ஏரியைப் படம் பிடித்து வரைபடம் போட நினைப்பவர்கள் மட்டும் கடல் மட்ட எண்ணை ஒதுக்கிவிட்டு, கிளம்பிய இடத்திலிருந்து வரும் எண்ணை எடுத்து, கிளம்பிய இடத்தின் உயரத்தைத் தனியாகக் கூட்டிக்கொள்ளுங்கள்.

படி 6: ஐஎம்யூ கேலிப்ரேஷன் (சென்சாரின் அளவைச் சரிசெய்வது)

கீழே விழுந்திருந்தால், ஃபர்ம்வேர் (ட்ரோனுக்குள் ஓடும் மென்பொருள்) புதுப்பித்திருந்தால், நிறுத்திய இடத்தில் மெல்ல மேலும் கீழும் அலைந்தால் இதைச் செய்யுங்கள். திசைகாட்டிக் கேலிப்ரேஷன் வேறு, இது வேறு. கையில் வைத்துச் சுழற்றுவது திசைகாட்டிக்கு. ஐஎம்யூவுக்கு ட்ரோன் ஆடாமல் சமதளத்தில் இருக்க வேண்டும். கிரானைட் சமையல் மேடை அருமையான இடம். காலையில், ட்ரோன் குளிர்ந்திருக்கும்போது, பேட்டரி பாதிக்குமேல் இருக்கும்போது, றெக்கைகளைக் கழற்றிவிட்டு, ஆப் சொல்லும் வரிசையில் ஒவ்வொரு பக்கமாகத் திருப்பி வையுங்கள். முடிந்ததும் அணைத்து ஆன் செய்து, நான்காம் படிச் சோதனையைத் திரும்பச் செய்து நோட்டில் எழுதுங்கள்.

படி 7: கடலுக்கு மேலே

ட்ரோனின் அடியில் தரையைப் பார்க்கும் கேமராவும் தூரம் அளக்கும் சென்சாரும் இருக்கும். தரையில் கல், புல், கோடு என்று ஏதாவது தெரிந்தால்தான் அவற்றுக்குப் பிடி கிடைக்கும். கடல் ஓயாமல் நகரும், மின்னும். சுண்ணாம்பாற்றுத் தண்ணீரிலும் பிச்சாவரம் கால்வாய்களிலும் வானமே கண்ணாடிபோலத் தெரியும். இந்த இடங்களில் அடிச்சென்சார் குழம்பி, இல்லாத தரையை இருப்பதாகவோ இருப்பதை இல்லாததாகவோ எடுத்துக்கொள்ளும். தண்ணீருக்கு மேலே 5 மீட்டருக்குக் கீழே இறக்காதீர்கள். முதல் சில மாதங்களுக்கு 10 மீட்டர் என்றே வைத்துக்கொள்ளுங்கள். படகிலிருந்து கிளப்புவதை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். படகு நகர்ந்துவிடும், ட்ரோனோ பழைய ஹோம் பாயிண்டில், நடுத்தண்ணீரில் இறங்கப் பார்க்கும்.

படி 8: வீடு திரும்பும் உயரமும் சட்டம் சொல்லும் உயரமும்

சிக்னல் போனாலோ பேட்டரி குறைந்தாலோ ட்ரோன் தானாகத் திரும்பி வரும் உயரத்தை ஆப்பில் நீங்கள்தான் வைக்க வேண்டும். இதுவும் கிளம்பிய இடத்திலிருந்து கணக்கிடப்படுவது. கிளப்புவதற்கு முன் ஒரு சுற்று சுற்றிப் பாருங்கள். தென்னை 25 மீட்டர் வரை இருக்கும். செல்போன் டவர் 40 தாண்டும். வழியில் இருக்கும் மிக உயரமான பொருளின் உயரத்தோடு 15 மீட்டர் கூட்டி வையுங்கள். மேட்டு நிலத்தை நோக்கிப் பறப்பதாக இருந்தால் மேட்டின் உயரத்தையும் கூட்டுங்கள்.

2021 ஆகஸ்ட் மாதம் வந்த ட்ரோன் விதிகளின்படி பச்சை மண்டலத்தில் (முன் அனுமதி வாங்காமல் பறக்கக்கூடிய பகுதி) 400 அடி, அதாவது 120 மீட்டர் வரை பறக்கலாம். விமான நிலையத்திலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டருக்குள் 200 அடி, அதாவது 60 மீட்டர்தான். புதுச்சேரி விமான நிலையம் லாஸ்பேட்டையில், ஊருக்குள்ளேயே இருக்கிறது. அதனால் புதுச்சேரியில் எங்கே நின்றாலும் எங்கே பறக்கலாம் என்று காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தைப் பார்க்காமல் கிளப்பாதீர்கள். கடலூரில் மத்தியச் சிறை இருக்கும் கேப்பர் மலைப் பக்கமும் போகாதீர்கள்.

இப்போது நான்காம் படியை நினைத்துப் பாருங்கள். வெயிலில் ஏழு சதவீதம் குறைத்துச் சொல்லும் ட்ரோனில் 120 என்று எல்லை வைத்தால், நீங்கள் அறியாமலே 128 மீட்டரில் இருப்பீர்கள். என் ட்ரோனில் அதிகபட்ச உயரத்தை 105 என்று வைத்திருக்கிறேன். 60 மீட்டர் எல்லை உள்ள இடத்தில் 50. விட்டுக்கொடுத்த அந்தப் பதினைந்து மீட்டரால் எந்தப் படமும் கெட்டதில்லை.

படி 9: எப்போது சர்வீஸுக்குக் கொடுப்பது

நிழலில் வைத்து, சமதளத்தில் கிளப்பி, ஐஎம்யூவும் சரிசெய்த பிறகு, காற்று இல்லாத காலையில் மூன்று முறை பறந்து, மூன்று முறையும் இறங்கும்போது ஐந்து மீட்டருக்குமேல் வித்தியாசம் வந்தால் சில்லில் கோளாறு இருக்கலாம். உப்புநீர் பட்டிருந்தால் அந்தச் சந்தேகம் இன்னும் வலுக்கும். சர்வீஸ் கடையில் நான் முதல் முறை வாயால் சொன்னபோது, "எல்லா ட்ரோனும் அப்படித்தான் சார்" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அடுத்த முறை நோட்டையும் ஆப்பில் பதிவான பறத்தல் விவரங்களையும் கொண்டுபோய் மேசையில் வைத்தேன். சோதித்துப் பார்த்து, பாரோமீட்டர் இருந்த போர்டை மாற்றிக் கொடுத்தார்கள். நோட்டின் கடைசிப் பக்கத்தில் இப்போது இருப்பது இவ்வளவுதான்: "காலை 7.10, வெள்ளிக் கடற்கரை, நிழலில் பத்து நிமிடம், 22 நிமிடம் பறந்தது, இறங்கியபின் +0.8."